காலிக்கும் காளிக்கும் நடுவே நைஜீரியா

"வியாசர்பாடியிலேர்ந்து நைஜீரியாவுக்கு எந்த பஸ்மா போகுது?"

திருவல்லிக்கேணியில் ஒரு பதிப்பாளர் என்னிடம் இப்படிக் கேட்டார். நைஜீரியக் கால்பந்து அணியின் வரலாறு என்று நான் எழுதிக் கொண்டுபோன கட்டு அவர் மேசையில் இருந்தது. கெட்டவர் இல்லை. காபி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். "எல்லாம் பேப்பர்ல வந்தது. நல்லா அடுக்கியிருக்கே. ஆனா நைஜீரியாக்காரர் ஒருத்தர் வாயால சொன்னது ஒரு பக்கம்கூட இல்லையே. அது இருந்தா கொண்டா, போடலாம்" என்று கட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். படிக்கத் தெரியாது. கால்பந்தில் அவருக்கு நாடுகள் கிடையாது, நிறங்கள்தான். 1994இல் நைஜீரியா முதன்முதலாக உலகக் கோப்பைக்கு வந்தபோது எங்கள் தெருவே ஒரு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. "பச்சை நல்லா ஆட்றான்பா" என்றார் அப்பா. மறுநாள் காலையில் டீக்கடையிலிருந்து முந்தின நாள் ஆட்டம் வந்த பேப்பரைக் கையோடு கொண்டுவந்து, "இன்னா போட்டுக்கிறான் பச்சைய பத்தி, படி" என்று நீட்டினார். எங்கள் வீட்டுக்குள் செய்தித்தாள் வந்ததே நைஜீரியாவால்தான். பல்கேரியாவை மூன்று கோலில் தோற்கடித்ததை நான் வாசித்தபோது அம்மாகூட அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அதன் பிறகு எட்டு வருடம் கத்தரித்து ஒட்டியதும், வரலாற்றில் பி.ஏ. முடித்ததும் சேர்ந்துதான் அந்தக் கட்டு.

நைஜீரியாவுக்கு பஸ் இல்லை. ஆனால் கல்கத்தாவுக்கு ரயில் இருக்கிறது. அங்குள்ள மைதான் கால்பந்து கிளப்புகளுக்கு ஆட நைஜீரியர்கள் வருவதும், சிலர் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. எங்கள் தெருவிலிருந்து துறைமுக வேலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு பவானிபூரில் குடியிருக்கும் சரோஜாக்கா கடிதம் எழுதியிருந்தாள்: "இங்கே சாமுவேல் என்று ஒருவர் இருக்கிறார். பழைய ஆட்டக்காரர். வங்காளப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பசங்களுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறார். எல்லோரும் சாமுதா என்பார்கள். வா." தா என்றால் அண்ணன். நைஜீரிய அண்ணனைப் பார்க்க 2002 மே மாதக் கடைசியில் புறப்பட்டேன்.

ஹௌராவில் இறங்கியபோது வியாழக்கிழமை, நல்ல வெயில். பாலத்தைத் தாண்டியதும் பஸ்ஸில் எனக்கு முதல் மரியாதை கிடைத்தது. நான் இறங்க எழுந்ததும் கண்டக்டர் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டி, "ஆஸ்தே, லேடீஸ்" என்று குரல் கொடுத்தார். லேடீஸுக்கு என்ன ஆஸ்தி தரப்போகிறார்கள் என்று பார்த்தேன். பஸ் முழுசாக நின்றது. சென்னையில் பஸ் ஓடிக்கொண்டே நம்மை உதிர்க்கும். நாமும் பஸ்ஸோடு நாலடி ஓடிக் கணக்கை நேர்செய்வோம். இங்கே ஒரு காலை வைத்து, இன்னொரு காலை வைத்து, மந்திரி மாதிரி இறங்கினேன். ஆஸ்தே என்றால் மெதுவாக என்று சரோஜாக்கா பிறகு சொன்னாள். அதுவும் ஓர் ஆஸ்திதான்.

அக்கா குடியிருந்த சந்தில் இடது வரிசை அர்ஜென்டினா, வலது வரிசை பிரேசில். துணி காயப்போடும் கயிறுகளிலெல்லாம் கொடி. நாங்கள் இடது வரிசை. அக்காவின் மகள் ரேவதிக்குப் பதினாலு வயது. வாசலிலேயே அர்ஜென்டினாச் சட்டையில் நின்றாள். வங்காளிக்கு வ வராது, ப தான் வரும். அதனால் ரேவதி அந்தச் சந்தில் ரேபோதி. வளர்மதியாகிய நான் அரைமணி நேரத்துக்குள் போலோர்மோதி ஆகிவிட்டேன்.

"நைஜீரியா பத்தி புக்கா எழுதறீங்க, மாஷி?" என்றாள்.

"மாஷி இல்ல, சித்தின்னு சொல்லு" என்றாள் அக்கா.

"சரி, சித்தி. ஆனா ரோபிபார், ஞாயித்துக்கிழமை, நைஜீரியா எங்ககூடதான் ஆடுது. எதுக்கும் இன்னைக்கே எழுதி முடிச்சிடுங்க."

மத்தியானம் சரோஜாக்கா பிரியாணி வரவழைத்தாள். திறந்தால் உள்ளே முழுசாக ஓர் உருளைக்கிழங்கு. வியாசர்பாடியில் பிரியாணிக்குள் உருளைக்கிழங்கைப் போட்டால் பாத்திரத்தோடு சமையற்காரரும் வெளியே வருவார். "இன்னாக்கா இது, பொங்கல்ல பூசணிக்காய் மாதிரி?" என்றேன். "சத்தமா சொல்லாதடி. மேல்வீட்டுக்காரங்க கறி இல்லன்னா மன்னிச்சிடுவாங்க, ஆலு இல்லன்னா போலீஸுக்குப் போவாங்க." சாப்பிட்டுப் பார்த்தேன். கறியின் ருசி முழுவதையும் கிழங்குதான் குடித்து வைத்திருந்தது. இதை ஊரில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சந்து முனையில் மோண்டுதா என்பவரின் டீக்கடை. மண் குவளையில் டீ. குடித்ததும் போட்டு உடைக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை, மூன்று குவளைகளைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நைஜீரியா என்றதும் மோண்டுதா முகம் சுருங்கியது. "அந்தப் பேரை இந்தச் சந்துல மெல்லமா சொல்லும்மா" என்றார் கலந்துகட்டிய இங்கிலீஷில். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். அரையிறுதியில் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்த நைஜீரியா பிரேசிலை நாலுக்கு மூன்றில் வீழ்த்தியது. இடது வரிசை ராத்திரியெல்லாம் ரசகுல்லா வழங்கியது. அதே வாரம் இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவையும் மூன்றுக்கு இரண்டில் வென்று தங்கம் கொண்டுபோனது. "ரெண்டு வரிசையும் ஒரு மாசம் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்கல. பாத்தா சிரிப்பு வந்துடும்னு பயம். என் டீ வியாபாரமே படுத்துடுச்சு." எட்டு வருடமாக நான் ஒட்டிவைத்த பேப்பர் எதிலும் இந்தச் செய்தி இல்லை. மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் எஸ்.டி.டி. கடையிலிருந்து சாமுதா வீட்டுக்கு போன் செய்யப் போனேன். ரேவதியும் வந்தாள். "பௌதிதான் எடுப்பாங்க. பங்களால பேசுவாங்க. நான் பேசட்டுமா, சித்தி?" பௌதி என்றால் அண்ணி. பதினாலு வயசுப் பெண்ணை வைத்து வரலாறு கேட்பதா? "எனக்கு இங்கிலீஷ் வரும்" என்று ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டேன். பௌதிக்கும் இங்கிலீஷ் வந்தது, ஆனால் கொரகொரப்புக்கு நடுவே. காலை எட்டு மணி என்பது தெளிவாகக் கேட்டது. எங்கே என்பதற்கு ஒரு பெயரை இரண்டு தடவை சொன்னார். எல்லோருக்கும் தெரியும் என்றார். லைன் போய்விட்டது. கேட்டதைக் கேட்டபடியே என் நோட்டில் எழுதினேன்: காலி பா மாட்.

மாட் என்றால் மைதானம். பாரா என்றால் பேட்டை. இரண்டையும் அன்று பஸ்ஸிலேயே கற்றிருந்தேன். ஆக, அது காளி பாரா மாட். ரா கொரகொரப்பில் போயிருக்கிறது. இந்த ஊரில் காளி எங்கே இருப்பாள் என்று யாரைக் கேட்க வேண்டும்? அக்கா வீட்டிலிருந்து காளிகாட் மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம். யாரிடமும் கேட்காமல் நானே கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை மெட்ரோ. எங்கள் ஊரில் மண்ணைத் தோண்டுவது தண்ணீருக்காக, தோண்டினாலும் வருவதில்லை. இங்கே தோண்டியதில் ரயில் வந்திருக்கிறது.

காளிகாட்டில் இறங்கி, "காளி பாரா மாட் எங்கே?" என்று இங்கிலீஷும் சைகையுமாக விசாரித்தேன். கல்கத்தாக்காரர்களிடம் ஒரு பெரிய குணம்: தெரியாது என்று சொல்லி யாரையும் மனம் நோக விடமாட்டார்கள். முதலாமவர் இடப்பக்கம் காட்டினார். அங்கே ஒரு மிட்டாய்க்கடை. மிட்டாய்க்கடைக்காரர் வேலையாட்களை நிறுத்தி ஒரு கூட்டம் போட்டு, ஏகமனதாக வலப்பக்கம் அனுப்பினார். அங்கே ஒரு குளம். குளத்தில் துவைத்துக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்கள் அந்த மைதானத்தில்தான் தங்கள் சின்ன வயதில் சர்க்கஸ் பார்த்ததாகச் சொல்லி, யானை இருந்ததா இல்லையா என்று தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். மணி பத்தரை. வெயிலில் மண்டை பிளந்தது. கோயில் போகும் சந்தில் ஒரு செம்பருத்திக் கடை நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

பூக்கடைக்காரர் நானும் வேண்டுதலுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தார். "யாருக்கு, மா? வீட்டுக்காரருக்கா, பரீட்சைக்கா?"

"நைஜீரியாவுக்கு" என்றேன். வேறு பதில் சொல்லத் தெம்பில்லை.

அவர் தொடுப்பதை நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கா? அர்ஜென்டினாவுக்கு எதிராவா? இந்தச் சந்து மொத்தமும் அர்ஜென்டினா, மா. அம்மா எப்படிச் சம்மதிப்பா?" என்று கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆனா அம்மா நிறம் நைஜீரியா நிறம்தான். கேட்டுப் பாக்கறதுல தப்பில்ல" என்று ஒரு மாலையை என் கையில் வைத்து அழுத்தினார்.

மாலையோடு வீடு வந்தபோது ரேவதி மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள். மைதானம் அகப்படவில்லை என்றேன். "என்ன பேரு சொன்னாங்க?" நோட்டை நீட்டினேன். அவளுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், படிக்க வராது. "நீங்களே படிங்க" என்றாள்.

"காலி பா மாட்" என்று வாய்விட்டுப் படித்தேன்.

மாம்பழம் கீழே விழுந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சித்தி, அது காளி இல்ல. காலி. காலி! ஒண்ணும் இல்லாதது. பா-ன்னா கால். வெறுங்கால் மைதானம். ஜாதவ்பூர்ல இருக்கு. அங்க யாரும் ஷூ போட்டு ஆடக்கூடாது, அதான் அந்தப் பேரு."

நோட்டைத் திரும்பப் பார்த்தேன். என் கையெழுத்தில், சின்ன லி போட்டு, காலி என்றுதான் தெளிவாக இருந்தது. தமிழிலும் காலி என்றால் காலிதான். குடம் காலி, பஸ் காலி, என் மண்டை காலி. எழுதியது சரி, படித்ததுதான் தப்பு. எங்கள் குடும்பத்திலேயே படிக்கத் தெரிந்த ஒரே ஆள் தான் எழுதியதைத் தானே தப்பாகப் படித்துவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் யானை விசாரித்திருக்கிறாள்.

இந்த முறை ரேவதியிடம் போனைக் கொடுத்தேன். அவள் பேசிவிட்டு வந்து சொன்ன செய்தியில் சிரிப்பு இல்லை. சாமுதா காலையில் பத்து மணி வரை காத்திருந்தாராம். திங்கட்கிழமை பசங்களை அழைத்துக்கொண்டு சிலிகுரிக்குப் போகிறார். நாளை ஒருநாள் வரச்சொன்னார். வராவிட்டால் இனி வரவேண்டாம். என் ரயிலும் திங்கட்கிழமைதான். நைஜீரியர் வாயால் வர வேண்டிய ஒரு பக்கம் சனிக்கிழமையில் தொங்கியது.

அன்று சாயங்காலம் உலகக் கோப்பை ஆரம்பம். முதல் ஆட்டத்திலேயே, யாரும் எதிர்பாராமல், செனகல் பிரான்ஸை வென்றது. அதுவும் மேற்கு ஆப்பிரிக்காதான். சந்தில் இரண்டு வரிசையும் சேர்ந்து கைதட்டின. டிவி மேல் நான் போட்டிருந்த செம்பருத்தி மாலையை சரோஜாக்கா பார்த்தாள். "நீ காளிகிட்ட அட்ரஸ் சரியா சொல்லலடி. ரெண்டு மூணு நாடு தள்ளி டெலிவரி பண்ணிட்டா."

சனிக்கிழமை ரேவதியையும் அழைத்துக்கொண்டு ஜாதவ்பூர் போனேன். பங்கு ஆட்டோவில் பின்னால் மூவர், டிரைவரின் இரு பக்கமும் ஒவ்வொருவர். டிரைவர் பாதி வெளியே தொங்கியபடி, தன் ஆட்டோவுக்குத் தானே விருந்தாளி மாதிரி ஓட்டினார். ஒரு குளத்தை ஒட்டி இருந்தது மைதானம். மதில் ஓரமாகச் செருப்பும் ஷூவும் கோயில் வாசல்போல வரிசையாகக் கிடந்தன. நரைத்த தலை, கழுத்தில் விசில், கையில் காய்கறிப் பையோடு ஒரு பெரிய மனிதர் பசங்களை வங்காளத்தில் திட்டிக்கொண்டிருந்தார்.

"நேற்று எங்கே போனீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் சாமுதா.

"காளிகாட்."

ரேவதி மிச்சத்தை வங்காளத்தில் சொன்னாள். யானை உட்பட. அவர் சிரித்த சிரிப்பில் பையிலிருந்த புடலங்காய் உருண்டது. "பதினாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். எனக்காகக் காளிக்கு மாலை வாங்கின ஆள் நீதான்" என்றார். பிறகு என் காலைக் காட்டினார். "கழட்டு. இங்க எல்லாருக்கும் ஒரே சட்டம்."

செருப்பைக் கழற்றி முடிக்குமுன் ஒரு பந்து என்னை நோக்கி வேகமாக வந்தது. எங்கள் தெருவில் பெண்களை ஆட விடமாட்டார்கள். ஆனால் ஆடும் பந்து வீட்டுக்குள் வரும்போது அடுப்பின் மேல் இருக்கும் சோற்றுப் பானையைக் காப்பாற்றுவது பெண்கள் வேலை. பதினெட்டு வருடம் பானையைக் காப்பாற்றிய கால் அது. பந்து என் பாதத்துக்கடியில் செத்து நின்றது. பசங்கள் "ஓ" என்றார்கள்.

"எங்க கத்துக்கிட்ட?" என்றார் சாமுதா.

"சமையலறையில" என்றேன்.

அதன் பிறகுதான் உட்காரச் சொன்னார். என் கட்டை எடுத்து, முதல் அத்தியாயத்தின் முதல் வரியை, நான் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வரியை, தமிழில் வாசித்தேன். "பாவம், காலுக்குச் செருப்புகூட இல்லாத ஏழை இளைஞர்கள் சிலர் 1949இல் லாகோஸில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள்." ரேவதி வங்காளத்தில் மாற்றினாள். நைஜீரியாவிலிருந்து முதன்முதலாக வெளிநாடு போய் ஆடிய அணி அது. பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள் என்பது எல்லாப் பேப்பரிலும் வந்தது.

சாமுதா சிரிக்கவில்லை. "செருப்பு இல்லன்னு உனக்கு யார் சொன்னது?"

"வெறுங்கால்ல ஆடினாங்கன்னு..."

"அது ஆட்டம். நான் கேக்கறது கப்பல்." காய்கறிப் பையைத் தள்ளி வைத்தார். "எங்க அப்பா அந்தத் துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். அன்னைக்கு அவங்க பெட்டியத் தலையில வச்சு மேல ஏத்தினார். வந்தவங்கல்லாம் கிளார்க்கு, வாத்தியாரு, ரயில்வே ஆளுங்க. கோட்டு, டை, முகம் தெரியற மாதிரி பாலிஷ் போட்ட ஷூ. சாகற வரைக்கும் அப்பா அந்த ஷூவப் பத்திதான் பேசினார். அந்தக் கப்பல் படியில வெறுங்கால்ல ஏறினது ஒரே ஆளு. எங்க அப்பா."

"அப்புறம் ஏன் ஷூவக் கழட்டிட்டு ஆடினாங்க?"

"நீ எழுதும்போது கையுறை போட்டுக்குவியா?"

 ஒரு சமயம் எங்கள் தெருவுக்கு ஒரு நிருபர் வந்து, வெறுங்காலில் ஆடும் பசங்களைப் படம் பிடித்து, ஷூ வாங்க வழியில்லாத கனவுகள் என்று ஏதோ எழுதிவிட்டுப் போனார். அதைப் பசங்களுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். "எவன் சொன்னது ஷூ இல்லன்னு? மேட்ச்சுக்குன்னு ஊட்ல வச்சிக்கிறேன்" என்று ஒருவன் ஓடிப்போய் எடுத்துவந்து காட்டினான். அந்த நிருபரை நாங்கள் ஒரு வாரம் திட்டினோம். அவர் எங்களுக்குச் செய்ததை நான் நைஜீரியாவுக்குச் செய்திருந்தேன். அதுவும் முதல் வரியிலேயே, 'பாவம்' போட்டு.

சாமுதா எழுந்து விசிலை எடுத்தார். "அந்த வரிய மாத்திட்டு நாளைக்கு வீட்டுக்கு வா. நல்லா இருந்தா மிச்சமெல்லாம் சொல்றேன். நல்லா இல்லன்னா மேட்ச் பாத்துட்டு மீன் சாப்டுட்டு ஊருக்குப் போ."

அன்று முழுவதும் மோண்டுதாவின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன், அடித்தேன். ஒவ்வொரு வரியிலும் எங்கிருந்தாவது ஒரு 'பாவம்' எட்டிப் பார்த்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் வாசம் இருந்தது. ஆறாவது குவளையை நானே போட்டு உடைத்தேன். மோண்டுதா கைதட்டினார். "இப்பதான் இந்த ஊர் ஆளானே."

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஆட்டம். சாமுதா வீட்டில் அவர் நைஜீரியா, பௌதி அர்ஜென்டினா. பௌதி கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பம். நல்ல காரியம் எதுவும் ஹில்சா மீன் இல்லாமல் நடக்காது. கடுகு அரைத்து மீன் தயாராக இருந்தது. சட்டத்தை பௌதி முதலிலேயே சொல்லிவிட்டார்: அர்ஜென்டினா ஜெயித்தால் எல்லோருக்கும் மீன், தோற்றால் மீன் மாடிவீட்டுக்குப் போகும், நமக்குப் பருப்பு.

"பாத்தியா? எனக்கு நாடு தோத்தாதான் மீன்" என்றார் சாமுதா.

பாதி ஆட்டம் வரை கோல் இல்லை. சாமுதா இரண்டு பாதங்களாலும் தரையைப் பிசைந்துகொண்டிருந்தார். ரேவதி நகம் கடித்தாள். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர், ஒரு தலை, பந்து வலைக்குள். பௌதி எழுந்து குதிக்கவில்லை. கணவரை ஒருதரம் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போய் அடுப்பைப் பற்றவைத்தார். ஒன்றுக்குப் பூஜ்யம். முடிந்தது. தெருவில் வெடி வெடித்தது.

தட்டில் பெரிய துண்டாக விழுந்தது சாமுதாவுக்கு. ஹில்சாவில் தலைமுடி போல முள். எனக்குப் பொறுமை போய், நான் முள்ளோடு விழுங்கிவிட, பௌதி வெறும் சோற்றை உருட்டி வாயில் திணித்து முதுகில் தட்டினார். எங்கள் காசிமேட்டு மீனுக்கு முள் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வரும் நாகரிகம் உண்டு.

"வரி எங்க?" என்றார் சாமுதா, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

இடது கையால் நோட்டைத் திறந்து வாசித்தேன். "1949இல் லாகோஸ் துறைமுகத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஆட்டக்காரர்கள் எல்லோர் காலிலும் ஷூ இருந்தது, அவர்கள் பெட்டிகளைத் தலையில் சுமந்து படியேறிய ஒருவர் காலில்தான் இல்லை, அந்த ஷூக்களைக் கடைசிவரை மறக்காதவரும் அவர்தான்."

ரேவதி மொழிபெயர்த்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். அவர் ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"அப்பா பேர் வருமா?"

"வரும்."

"உன் எழுத்துல எப்படி இருக்கும்?"

பேரைக் கேட்டு, கையைக் கழுவிவிட்டு நோட்டின் புதுப் பக்கத்தில் பெரிதாக எழுதினேன்: இம்மானுவேல். கடுகு ஒட்டிய விரலால், தாளில் படாமல், ஒவ்வோர் எழுத்தின் மேலாகவும் ஓட்டிப் பார்த்தார். "அவர் பேரை அவர் எழுதினதே இல்ல" என்றார்.

"எங்க அப்பாவும்தான்" என்றேன். "முதல்ல எழுதினது நான். ரெண்டாங்கிளாஸ்ல."

பௌதி அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். அதற்குப் பிறகு சாமுதா சாயங்காலம் வரை பேசினார். இங்கிலாந்தில் மழை ஊறிய புல்லில் வெறுங்கால் வழுக்கியதை. திரும்பும் வழியில் ஃப்ரீடவுனில் இறங்கி, சியரா லியோனுடன் ஆடி, நாட்டின் முதல் சர்வதேச ஆட்டத்தை வென்றதை. ஆரம்பத்தில் சட்டை பச்சை அல்ல, சிவப்பு என்பதை. சொந்தக் கொடி வந்த பிறகுதான் பச்சை. கொடி ஏறிய அன்று அவர் அப்பா வாங்கிய பச்சைத் துணியில் வீட்டுக்கே சட்டை தைத்ததை. 1980இல் சொந்த மண்ணில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோது, பையன் சாமுவேல் கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றையும் சந்தோஷத்தில் வீசி எறிந்ததை. நோட்டு தீர்ந்து, ரேவதியின் கணக்கு நோட்டில் எழுதினேன். அடுத்த நாள் அவர் சிலிகுரிக்குப் புறப்பட்டார், நான் சென்னைக்கு.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, "பச்சை தோத்துட்டானாமே" என்றார். மாலையைப் பற்றியும் மீனைப் பற்றியும் சொன்னேன். முதலில் அவர்கள் சிவப்பு என்றதும் அதிர்ந்துபோய், "இத்த ஏன் முன்னாடியே சொல்லல?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். பள்ளிக்கூட ராகம் போடாமல் முதல் அத்தியாயத்தை அவருக்கு வாசித்தேன். பெட்டி தூக்கிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, அதை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

பதிப்பாளர் முதல் பக்கத்தை நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்துக்கு உட்கார்ந்தார். மின்விசிறி நின்றதுகூடத் தெரியாமல் அத்தியாயத்தை முடித்துவிட்டு, காபி சொன்னார். "போடலாம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "ஆனா லாகோஸையே நேர்ல பாத்தவ எழுதினா இன்னும் நல்லா இருக்கும். அதுக்குத்தான் பஸ் இல்லையே" என்றார்.

இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் கொடுத்து அன்றைக்குப் பத்து நாள் ஆகியிருந்தது. போன செவ்வாய்க்கிழமை விசாரணைக்குப் போலீஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருவே கூடிவிட்டது. "எந்த ஊருக்குப் போறாங்க உங்க பொண்ணு?" என்று அப்பாவைக் கேட்டார்.

"பச்சை சட்டைக்காரங்க ஊருக்கு" என்றார் அப்பா.

போலீஸ்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.